வாக்கில்லாத தொண்டர்கள்

பிரிட்டனில் 1887இல் தொடங்கிய லிபரல் பெண்கள் கூட்டமைப்பு, கட்சிக்காக வீடுவீடாகச் சென்று வாக்குச் சேகரித்தது. அந்தப் பெண்களுக்கோ நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை. 1892இல் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டன் பெண் வாக்குரிமையை எதிர்த்து எழுதினார். வாக்குரிமையைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக ஏற்பதா என்பதில் கூட்டமைப்பு அதே ஆண்டு பிளந்தது. ஏற்க மறுத்தவர்கள் விலகித் தனிச் சங்கம் கண்டார்கள். மற்றவர்கள் கட்சிக்குள்ளிருந்தே வாதாடினார்கள்.

1908இல் பிரதமரான ஆஸ்க்வித்தும் மறுத்தார். 1912இல் மிலிசென்ட் ஃபாசெட் தலைமையிலான வாக்குரிமைச் சங்கங்கள் தொழிற்கட்சி வேட்பாளர்களுக்குத் துணைநின்றன. 1918இல் 30 வயது கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்கு கிடைத்தபோது, லிபரல் கட்சி ஆஸ்க்வித், லாயிட் ஜார்ஜ் என இரண்டு அணிகளாகக் கிடந்தது.

பிளவுக்குப் பெண்களைப் பழிப்பது எளிது. சுதந்திரம் பேசிய கட்சி, பாதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னதே முதல் பிளவு.