ஒரே மார்ச், மூன்று உத்தரவுகள்

ஐந்தாண்டு பி.எல். படிப்பில் அரசமைப்புச் சட்டம் எங்களுக்கு ஆர்ட்டிகிள் வாரியாகத்தான் வந்தது. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21 என்றால் ஏ.கே. கோபாலன். பேச்சுரிமை என்றால் ரொமேஷ் தாப்பர். சங்கம் அமைக்கும் உரிமை என்றால் வி.ஜி. ராவ். மூன்றும் வெவ்வேறு வாரம், வெவ்வேறு நோட்ஸ். மூன்றிலும் ஒரு பக்கம் நிற்பது மெட்ராஸ் மாநிலம். அது ஏன் என்று சொல்ல சிலபஸில் இடமில்லை.

இப்போது ஜூனியர்களுக்கு நான் அவற்றைத் தேதி வாரியாகத்தான் படிக்கக் கொடுக்கிறேன். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. குமாரசாமி ராஜா தலைமையிலான மெட்ராஸ் காங்கிரஸ் அரசுக்குக் கம்யூனிஸ்டுகள் என்றாலே கிலி. மார்ச் 1: 1947 டிசம்பரிலிருந்து உள்ளே இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலனுக்கு, புத்தம்புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் இன்னோர் உத்தரவு. அதே தேதியில், தாப்பர் நடத்த, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழுக்கு மாநிலத்தில் நுழையத் தடை. மார்ச் 10: வி.ஜி. ராவ் பொதுச் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோதமானது என்று அரசாணை. பத்தே நாளில், ஒரே கோட்டையிலிருந்து, நம் பாடப் புத்தகத்தின் மூன்று அத்தியாயங்களும் கிளம்பிவிட்டன.

கோபாலன் வழக்கில் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது 21 அல்ல, அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. காவலில் வைத்ததற்கான காரணங்களைக் கைதிக்குத் தெரிவிப்பார்கள். ஆனால் அவர் அவற்றை நீதிமன்றத்தில் சொன்னால் குற்றம்! கோபாலன் நேராக உச்ச நீதிமன்றம் போனார், எம்.கே. நம்பியார் வாதாடினார். மே 19 அன்று தீர்ப்பு. 14-ஆம் பிரிவு மட்டும் செல்லாது என்று வெட்டினார்கள். மற்றபடி சட்டம் செல்லும், மனு தள்ளுபடி. நாடாளுமன்றம் இயற்றிய நடைமுறை எதுவானாலும் 21-க்கு அது போதும் என்றது பெரும்பான்மை. அந்த நடைமுறை நியாயமானதா என்று கேட்கும் கதவைத் திறக்க 1978-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு வரவேண்டியிருந்தது. கோபாலன் அதுவரை காத்திருக்கவில்லை. 1952 தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, மே 26-இல், தாப்பர் ஜெயித்தார். பொது ஒழுங்கு என்ற பேரில் பத்திரிகையைத் தடுக்க, பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் 19(2)-இல் அப்போது வார்த்தை இல்லை. அடுத்த ஆண்டு முதல் திருத்தத்தில் அந்த வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்கள்.  

ராவ் தாமே வக்கீல். அவருடைய சங்கத்தை முடக்கிய சட்டம் 1908-ஆம் வருஷத்தது, வெள்ளைக்காரன் செய்தது. 1950-இல் மெட்ராஸ் அதற்கு ஒரு திருத்தம் போட்டது. சங்கம் ஆட்சேபித்தால் ஓர் ஆலோசனைக் குழு பார்க்கும், கோர்ட் பார்க்காது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் நேரில் தெரிவிக்க வேண்டியதில்லை, ஆனால் உறுப்பினராகத் தொடர்ந்தால் தண்டனை உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பரிலேயே அரசாணையை ரத்து செய்தது. 1952 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது சட்டத்தின் உள்ளடக்கத்தோடு நடைமுறையையும் எடைபோட வேண்டும் என்று அன்று சொன்னதைத்தான் இன்றைக்கும் ரிட் மனுக்களில் எடுத்து எழுதுகிறோம்.

அதை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, மெட்ராஸ் பாரில் வளர்ந்தவர். தாப்பர் தீர்ப்பும் அவருடையதே. ஆனால் கோபாலனில் அவர் பெரும்பான்மையோடு, அரசின் பக்கம். அங்கே மாறுபட்டு எழுதி மாணவர்களின் கதாநாயகனான பசல் அலி, ஏழே நாளில் தாப்பர் வழக்கில் அரசின் பக்கம் போனார். ஆர்ட்டிகிள் 21 நோட்ஸில் ஒருவர் நாயகன், 19 நோட்ஸில் மற்றவர். ஒரே பெஞ்சில், ஒரே மாதத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.