தேவகுமாரர் (ஆதியாகமம் 6:1–4)

தேவகுமாரர் என்போர், ஜலப்பிரளய வரலாற்றுக்கு முன்னுரையாக அமைந்த ஆதியாகமம் 6:1–4இல் மனுஷகுமாரத்திகளை மணந்தவர்களாகக் கூறப்படுவோர். இவர்கள் யார் என்பது குறித்து மூன்று முதன்மை விளக்கங்கள் உள்ளன.

1. தேவதூதர்: மிகப் பழமையான விளக்கம். யோபு 1:6, 2:1, 38:7 ஆகிய வசனங்களில் இதே வழக்கு விண்ணகவாசிகளைக் குறிப்பது இதற்கு முதன்மைச் சான்று. ஏனோக்கின் முதல் நூல் இதனை விரித்து, 200 தூதர் எர்மோன் மலையில் இறங்கியதாகக் கூறுகிறது. யூதா 6, 2 பேதுரு 2:4 ஆகியவற்றில் வரும் பாவஞ்செய்த தூதர்கள் இவர்களே என்பது இத்தரப்பின் கருத்து. ஜஸ்டின், தெர்த்துல்லியன் ஆகியோர் இதை ஏற்றனர்.

2. சேத்தின் வழித்தோன்றல்கள்: பக்தியுள்ள சேத்தின் மரபினர் காயீனின் மரபுப் பெண்களை மணந்தனர் என்பது இதன் சாரம். 3ஆம் நூற்றாண்டில் யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் இதை முன்வைத்தார், அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலின் 15ஆம் புத்தகத்தில் வலியுறுத்தினார், கால்வினும் ஏற்றார். உயிர்த்தெழுந்தோர் தேவதூதரைப்போல் மணம் செய்வதில்லை என்னும் மத்தேயு 22:30 இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 'தேவகுமாரர்' என்பது மனிதரைக் குறிக்கும் தெளிவான சான்று முந்தைய அதிகாரங்களில் இல்லாமை இதன் குறை.

3. ஆட்சியாளர்: அரசர் அல்லது நீதிபதிகளைக் குறிப்பதாகக் கொள்ளும் யூத மரபு விளக்கம். ஓங்கெலோஸ் தர்கூம் இவ்வாறு பொருள்கொள்கிறது.

இடைக்கால மேற்குத் திருச்சபையில் இரண்டாம் விளக்கமே மேலோங்கியது. தற்கால விவிலிய ஆய்வாளருள் பெரும்பாலோர் விண்ணகவாசிகள் என்றே பொருள்கொள்கின்றனர். ஏனோக்கின் முதல் நூலின் அரமேயத் துண்டுகள் கும்ரானில் கிடைத்துள்ளன. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபை அந்நூலைத் திருமறையின் பகுதியாகக் கொண்டுள்ளது.