ஒயிட் பேலன்ஸ் சீராக்கம் (பகல்–இரவு டைம்லாப்ஸ்)
பகலிலிருந்து இரவுவரை இடைவெளி விட்டு எடுத்த படங்களை வீடியோவாகக் கோக்கும்போது, நிறம் படத்துக்குப் படம் தாவாமல் மெல்ல நகரச் செய்யும் எடிட்டிங் முறை. நண்பகல் வெயிலின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 5500 கெல்வின். அந்தியின் நீல ஒளி 10,000ஐயும் தாண்டலாம். சோடியம் தெருவிளக்கோ 2000ஐ ஒட்டியது. கேமராவை ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது தனியாக முடிவெடுக்கும். ஓட்டிப் பார்க்கையில் வானம் மினுக்கும். ஆகவே ஒயிட் பேலன்ஸ் மதிப்பை ஓரிடத்தில் நிறுத்தி, ரா கோப்பாக எடுப்பதே நல்லது. ராவில் அது வெறும் குறிப்பாகப் பதிவாவதால், பின்னர் தரம் குறையாமல் மாற்றலாம்.

கீஃபிரேம்கள் எனப்படும் சில முக்கியப் படங்களை மட்டும் கையால் திருத்தினால், இடைப்பட்டவற்றை எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருள் கணக்கிட்டு நிரப்பும். இங்கே ஒரு நுணுக்கம்: 3000 கெல்வினிலிருந்து 4000க்குப் போவது பளிச்சென்று தெரியும், 7000இலிருந்து 8000க்குப் போவது அவ்வளவாகத் தெரியாது. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வரும் மைரெட் அளவில் முன்னதன் வித்தியாசம் 83, பின்னதன் வித்தியாசம் 18. எனவே மைரெட்டில் சம அடிகளாக நகர்த்துவதே கண்ணுக்கு இதம். தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் கீஃபிரேம்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். அந்தி நீலத்தை முழுவதும் நடுநிலையாக்கிவிடவும் கூடாது. அது போனால் அந்தியே போய்விடும்.