பதினொன்றாம் பிரிவில் இல்லாத பிரயாணி: விமான நிலையக் காவற்படையின் அதிகாரம் பற்றி ஓர் ஆய்வு

விமான நிலையங்களில் காவல் புரியும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரின் அதிகாரம் போதாது, அவர்களே வழக்குப் பதிவு செய்து, புலன் விசாரணை நடத்தி, குற்றப் பத்திரிகையும் தாக்கல் செய்யும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றோர் அபிப்பிராயம் இத்துறையில் எழுதுவோரிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வாதம் 1968-ஆம் வருஷத்துப் படைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பற்றியே சுழல்கிறது. கைது செய்தவரை அநாவசியத் தாமதமின்றிப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் இல்லாதவிடத்து, கைதுக்கு நேர்ந்த சந்தர்ப்பங்களை விவரிக்கும் அறிக்கையோடு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விதிப்பது அப்பிரிவு. ஒப்படைத்தலையே ஊனமாக இவர்கள் கருதுகிறார்கள். சட்டத்தின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் பரிசீலிக்குமிடத்து, ஊனம் 13-இல் இல்லை, 11-ஆம் பிரிவில் இருக்கிறது என்பதே எனக்குப் புலப்படுவது.

வாரண்டின்றிக் கைது செய்யும் அதிகாரத்தை 11-ஆம் பிரிவு மூன்று வகையில் அளிக்கிறது. முதலாவது, படையினரையோ, சட்டம் குறிப்பிடும் ஊழியரையோ அவர்தம் கடமையின்போது தாக்குபவர், தாக்க முயல்பவர், அச்சுறுத்துபவர். இரண்டாவது, நிறுவனத்தின் சொத்து சம்பந்தமாகக் கைதுக்குரிய குற்றம் புரிந்தவர், புரிந்ததாக நியாயமான சந்தேகத்துக்கு ஆளானவர், அவ்வுத்தேசத்தோடு மறைந்திருப்பவர். மூன்றாவது, நிறுவனம் சம்பந்தமான ஏதேனுமொரு வேலையை நடத்திக்கொண்டிருப்பவரின் உயிருக்கு உடனடி அபாயம் விளைக்கத்தக்க குற்றத்தைச் செய்பவர் அல்லது செய்ய முயல்பவர். அத்துமீறி நுழைந்தவரை வெளியேற்றும் அதிகாரமும் பின்னர் வருகிறது. ஊழியர் இருக்கிறார், படைவீரர் இருக்கிறார், சொத்து இருக்கிறது. விமான நிலையம் எவருக்காக இருக்கிறதோ அந்தப் பிரயாணி இல்லை.

புறப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நிற்கும் இருவரிடையே வாக்குவாதம் முற்றி, ஒருவர் மற்றவரின் முகத்தில் ஓங்கி அறைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தடி தூரத்தில், மரமேடைமேல் கைகளை விரித்து நிற்கும் இன்னொருவரை உலோகம் காட்டும் கைக்கருவியால் தடவிக்கொண்டிருக்கும் காவலர் ஓடிவந்து விலக்குகிறார். அடிபட்டவர் பிரயாணச் சீட்டு வைத்திருப்பவர், அடித்தவரும் அவ்வாறே. ஊழியர்மீது கை படவில்லை, சொத்துக்குச் சேதமில்லை, இருவரும் அத்துமீறி நுழைந்தவரல்லர். அடித்தவரின் தோளைப் பற்றி நிறுத்தும் அந்தக் காவலரின் கைக்கு 11-ஆம் பிரிவில் எந்த வாசகம் ஆதாரம்? விலக்கிய காவலர்மேல் அவர் திரும்பிப் பாய்ந்தால் அக்கணமே அதிகாரம் பிறந்துவிடுகிறது; அதுவரை இல்லை.

இவ்விடத்தில்தான் முன்னைய ஆய்வாளர் சிலர் ஒரு வியாக்கியானத்தை முன்வைக்கிறார்கள். விமான நிலையம் என்பது சேவை நிறுவனம். அச்சேவை பிரயாணியின்றி நிகழாது. ஆதலால் பிரயாணம் செய்வதும் ‘நிறுவனம் சம்பந்தமான வேலை’யே என்று மூன்றாவது வகையை விரித்துப் பொருள் கொள்கிறார்கள். விமான நிலையம் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும் என்பதில் எனக்கும் ஆட்சேபமில்லை. பாராளுமன்றம் ஒழுங்குபடுத்தக்கூடிய வியாபாரத்தையும் சேவையையும் அவ்வரையறை தழுவிக்கொள்கிறது. ஆனால் சேவையைப் பெறுபவர் அதனை நடத்துபவராக எவ்வாறு ஆவார்? ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்தைத் தரும் வாசகத்தை நெகிழ்த்திப் பொருள் கொள்ளலாகாது என்பது பழைய நியதி. அன்றியும், அப்படியே விரித்தாலும் உயிருக்கு உடனடி அபாயம் என்னும் நிபந்தனை எஞ்சி நிற்கிறது. கன்னத்தில் விழுந்த அறை அதனுள் அடங்காது.

சட்டம் பிறந்த சந்தர்ப்பமும் இவ்வாசிப்பையே ஆதரிக்கிறது. ராஞ்சிக் கனரகப் பொறியியல் தொழிற்சாலையில் 1964-இல் மூண்ட தீயைப் பற்றிய நீதிபதி முகர்ஜியின் விசாரணையிலிருந்து உருவான படை இது. ஆலை, ஆலையின் இயந்திரம், ஆலைத் தொழிலாளி என்ற மூன்றையும் மனத்தில் இருத்தி எழுதப்பட்ட வாசகம், 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டபின், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் தொடங்கி விமான நிலையங்களுக்குப் படையோடு சேர்ந்து குடிபெயர்ந்தது. படை இடம் மாறியது, வாசகம் மாறவில்லை.

இதற்கு வலுவான சான்று ரெயில்வேச் சட்டத்தில் கிடைக்கிறது. ரெயில்வே பாதுகாப்புப் படைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டபோது அதன் நோக்கமும் ரெயில்வேச் சொத்தே. 2003-ஆம் வருஷத்துத் திருத்தமோ, சொத்தோடு பிரயாணிகளையும் அவர்கள் நடமாடும் பகுதியையும் அந்நோக்கத்தில் வெளிப்படையாகச் சேர்த்தது. பிரயாணியைப் பாதுகாக்க விரும்பினால் அச்சொல்லை எழுதவேண்டும் என்பதை அறிந்திருந்த பாராளுமன்றம், விமான நிலையப் படை விஷயத்தில் அதனை எழுதவில்லை. இம்மௌனத்திலிருந்து மிகையாக அனுமானிக்கலாகாது என்பது மெய்யே. ஆயினும் இல்லாத சொல்லை இருப்பதாக வாசிப்பதைவிட, இல்லை என்று ஒப்புக்கொள்வது நேர்மையானது.

அன்றாடச் சோதனைக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இதனோடு தொடர்புடையது. 12-ஆம் பிரிவு தரும் சோதனை அதிகாரம், 11-இல் கூறிய குற்றம் நிகழ்ந்ததாக நம்பக் காரணம் இருந்தாலன்றி எழாது. ஒரு குற்றமும் அறியாத கிழவியையும் குழந்தையையும் தினந்தோறும் தடவிப் பார்ப்பதற்கு ஆதாரம் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் எழுந்த பாதுகாப்பு விதிகளே.

எதிர்வாதங்கள் இரண்டு. மத்திய அரசு ஒப்படைக்கும் வேறெந்தக் கடமையையும் படை செய்யலாம் என்று 10-ஆம் பிரிவு கூறுகிறதே என்பது ஒன்று. கடமை வேறு, கைது அதிகாரம் வேறு. இதற்குமேல் விடை வேண்டியதில்லை. சாதாரணக் குடிமகனுக்கே கைது செய்யும் உரிமை உண்டே என்பது மற்றொன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு தரும் அவ்வுரிமை, கண்ணெதிரே நிகழும், ஜாமீனில் விடமுடியாத, கைதுக்குரிய குற்றங்களுக்கே உரியது; சாதாரணக் காயம் அதனுள் வராது. ஆனால் அப்பிரிவில் நாம் ஊன்றி நோக்கத்தக்க வேறொன்று உண்டு. கைது செய்த குடிமகன் 6 மணி நேரத்துக்குள் பிடிபட்டவரை ஒப்படைத்தாக வேண்டும் என்று அது வரம்பு கட்டுகிறது. ஆயுதம் தாங்கிய படையினருக்கோ 13-ஆம் பிரிவு மணிக்கணக்கில் வரம்பு எதுவும் விதிக்கவில்லை.

புலன் விசாரணை அதிகாரம் தரலாகாது என்று நான் கூறுவதற்குக் காரணம் வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது என்பது நமது சாட்சியச் சட்டத்தின் அரிய காப்பு. ரெயில்வே படையின் விசாரணை அதிகாரி குற்றப் பத்திரிகை தாக்கல் செய்ய இயலாதவராதலால் ‘போலீஸ் அதிகாரி’ ஆகார், ஆதலால் அவரிடம் அளித்த ஒப்புதலுக்கு இக்காப்பு இல்லை என்று பால்கிஷன் தேவிதயாள் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. போதைப்பொருள் சட்டத்தின் அதிகாரிகள் விஷயத்தில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020-இல் அந்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக அக்காப்பை மீட்டளித்தது. அத்தீர்ப்பின் நியாயம் எவ்வளவு தூரம் விரியும் என்பது தனி விவாதம். ரெயில்வேயைப் பின்பற்றி அரைகுறை விசாரணை அதிகாரம் விமான நிலையத்துக்கும் வருமாயின், பூட்டிய அறையில், துப்பாக்கி ஏந்தியவர் முன்னிலையில், விமானத்தைத் தவறவிட்ட ஒருவர் கூறியதெல்லாம் அவருக்கெதிரான சாட்சியமாகும் அபாயம் உண்டு. கைது செய்தவரே விசாரிப்பவராகாமல் இன்று தடுத்து நிற்பது, ஊனமென்று இகழப்படும் அந்த 13-ஆம் பிரிவுதான்.

1984 ஆகஸ்டு 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். அவர்களில் இலங்கைப் பிரயாணிகள் பலர். அன்றைய குற்றவாளியை இன்றைய சட்டத்தின்கீழ்ப் படையினர் கைது செய்ய இயலும் என்பதை மறுக்கவில்லை. கட்டடம் சொத்து, அங்கே வேலை செய்தோர் ஊழியர். பிரயாணியின் உயிரோ, பக்கத்தில் நின்ற ஊழியரின் உயிரைச் சார்ந்துதான் அச்சட்டத்தில் காவல் பெறுகிறது. பாராளுமன்றம் அதிகாரத்தை விரிக்க முன்வருமாயின், விசாரணையை மாநிலப் போலீஸிடமே விட்டு, பிரயாணி என்ற சொல்லை 11-ஆம் பிரிவிலும், 6 மணி நேரம் என்ற வரம்பை 13-ஆம் பிரிவிலும் எழுதட்டும்.