பன்றியின் சினைப்பையில் கிடைத்த விடை

மாதவிடாய்ச் சுழற்சியின் முதற்பாதியில் சினைமுட்டையைச் சூழ்ந்த நுண்ணறை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. முட்டை வெளியேறியதும் அதே நுண்ணறை மஞ்சள் திரளாகி, ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனையும் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் சரிந்து உதிரப்போக்கு தொடங்குகிறது. பள்ளிப் பாடமாகிவிட்ட இந்த அறிவை வேதியியலாளர்களின் வெற்றியாகவே எழுதிவருகிறோம். இறைச்சிக்கூடங்களுக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு என்பேன். 1923இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் ஆராய்ந்தது, வெட்டப்பட்ட பன்றிகளின் சினைப்பைகளை. ஒரே ஈற்றில் பல குட்டி போடும் விலங்கு என்பதால் பன்றியின் சினைப்பையில் நுண்ணறைகள் திராட்சைக் குலைபோல் திரண்டிருக்கும். ஊசியால் அவற்றிலுள்ள நீரை மட்டும் தனியே உறிஞ்சிவிடலாம். அந்த நீரைச் சினைப்பை நீக்கிய எலிகளுக்குச் செலுத்தியபோது, இனச்சேர்க்கைப் பருவத்துக்குரிய செல் மாற்றம் யோனியில் மீண்டும் தோன்றியது. அதைக் கண்டறிய எலியைக் கொல்ல வேண்டியதில்லை. ஸ்டாக்கார்டும் பாபனிகொலாவும் 1917இல் கினிப் பன்றிகளில் நிறுவிய செல் பூச்சுச் சோதனையே போதுமானதாக இருந்தது.

வியன்னாவில் எமில் க்னாவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே முயலின் சினைப்பையை உடலில் வேறிடத்தில் ஒட்டிவைத்து, கருப்பை சுருங்காமல் காத்தாரே. 1903இல் லூட்விக் ஃபிராங்கெல் மஞ்சள் திரளை அழித்தால் முயலின் கர்ப்பம் நிலைக்காது என்று காட்டினாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கத்தியால் அறிய முடிந்தது, சினைப்பையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலக்கிறது என்பதை மட்டுமே. எந்தப் பகுதி எதைச் சுரக்கிறது என்று சொல்ல, நுண்ணறையையும் மஞ்சள் திரளையும் கூடை கூடையாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ரோச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் 1929இல் பன்றியின் மஞ்சள் திரளிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டே, சினைப்பை நீக்கப்பட்ட முயலின் கர்ப்பத்தைக் காத்தார்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது. கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருப்பதை ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் 1927இல் கண்டனர்; டாய்சியும் புட்டெனன்டும் 1929இல் அதன் ஒரு வகையான ஈஸ்ட்ரோனைப் படிகமாக்கியதும் சிறுநீரிலிருந்துதான். அப்படியானால் சினைப்பை எதற்கு? சிறுநீரில் வருவது உடல் உருமாற்றி வெளியேற்றும் பொருள். ஈஸ்ட்ரோனிலிருந்து ஆய்வகத்தில் 1933இல் செய்யப்பட்ட எஸ்ட்ரடையால் என்ற வகையைச் சினைப்பையே சுரக்கிறது என்று நிறுவ, டாய்சியின் குழு பன்றிச் சினைப்பைக்கே திரும்ப நேர்ந்தது. 1936இல் சுமார் 4 டன் சினைப்பையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 12 மில்லிகிராம்.