பூமியில் அவள் பெயர்

குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் வரும் புத்தகங்களில் வனெஸ்ஸா என்ற பெயருக்கு எதிரே 'கிரேக்கம். பட்டாம்பூச்சி' என்று பல சமயம் போட்டிருக்கும். இரண்டும் தப்பு. கிரேக்கத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. பட்டாம்பூச்சிகளில் ஒரு பேரினத்துக்கு டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியல்காரர் ஃபப்ரீசியஸ் அந்தப் பெயரைச் சூட்டியது 1807ல். அதற்கு எண்பத்தொரு வருஷம் முன்பே அது அச்சேறிவிட்டது. எல்லாப் பெயர்களுக்கும் பிறப்பிடம் சொல்லிவிட முடியாது. இதற்குச் சொல்ல முடியும். செய்தவர் ஜொனாதன் ஸ்விஃப்ட். செய்த காலம் 1712 அல்லது 1713. யாரை உத்தேசித்து என்பதும் தெரியும். அந்தக் கடைசி விஷயம்தான் பெயர்ப் புத்தகங்களில் மறைந்துபோகிறது.

அவள் எஸ்தர் வன்ஹோம்ரி. 1688ல் பிறந்தவள். தகப்பன் ஹாலந்திலிருந்து வந்த வியாபாரி. டப்ளின் நகரத்தின் மேயராக இருந்தவர். குடும்பப் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, அயர்லாந்துக்காரர்கள் வாயில் அது வருவது 'வனம்மரி' என்று. தகப்பன் இறந்தபின் 1707ல் தாய் குழந்தைகளோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தாள். அந்த வீட்டுக்கு ஸ்விஃப்ட் வரப்போக இருந்தார். குடும்பப் பெயரின் முதல் அசையான 'வன்', எஸ்தரின் செல்லக் குறுக்கமான 'எஸ்ஸா' இரண்டையும் ஒட்டினார். வனெஸ்ஸா. தம் பெயரையும் விட்டுவைக்கவில்லை. 1713ல் டப்ளின் செயின்ட் பாட்ரிக் தேவாலயத்துக்கு டீன் ஆனார். டீனுக்கு லத்தீனில் டெகானுஸ். எழுத்துகளை மாற்றிப்போட்டால் காடெனுஸ். 'காடெனுஸும் வனெஸ்ஸாவும்' என்பது கவிதையின் பெயர்.

கவிதை பார்வைக்கு விளையாட்டு. காதல் சீரழிந்தது யாரால் என்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் வழக்கு, நீதிபதி வீனஸ். தீர்ப்புக்கு உதவியாக ஒரு பூரணமான பெண்ணை அவள் சிருஷ்டிக்கிறாள். ஆண் குழந்தை என்று பல்லஸை நம்பவைத்து அறிவும் வாங்கித் தந்துவிடுகிறாள். அந்தப் பெண் தனக்குப் பாடம் சொல்லும் காடெனுஸைக் காதலிக்கிறாள். அவர் வெட்கி, திகைத்து, காதலுக்குப் பதில் நட்பைத் தருவதாகச் சொல்கிறார். முடிவு என்னவாயிற்று என்று கவிதை சொல்ல மறுக்கிறது. இதையெல்லாம் புத்திசாலித்தனம் என்று பாராட்டி விமர்சகர்கள் நிறைய எழுதியாயிற்று. எனக்கு உறுத்துவது வேறு இடம். வீனஸ் பெயர் சூட்டும்போது, இந்தப் பெயரால்தான் உனக்குப் புகழ், தேவர்கள் ஏட்டிலும் இதுவே, பூமியில் உன் பெயர் சொல்லப்படமாட்டாது என்ற பொருளில் பேசுகிறாள். ரகசியத்தைக் காக்கிற ஜாடையில் சொல்லப்பட்டது. பலித்தும்விட்டது.

பெயர் மட்டும் மாறவில்லை. கவிதையில் அவளுக்கு இன்னும் இருபது ஆகவில்லை. காடெனுஸுக்கு நாற்பத்து நாலு. கவிதை எழுதப்பட்டபோது எஸ்தர் இருபத்தைந்தை ஒட்டியவள். தன் மனசு தெரிந்த, வீட்டு வரவு செலவு தெரிந்த பெண். அவளைப் பள்ளிக்கூடச் சிறுமியாக்கினால்தான் காடெனுஸின் திகைப்பு எடுபடும்.

ஸ்விஃப்டுக்கு இது பழக்கம். முதலில் ஜேன் வேரிங் என்ற பெண். அவளை வாரினா ஆக்கினார். பிறகு எஸ்தர் ஜான்சன், அவள் ஸ்டெல்லா. அவளும் எஸ்தர் என்பதைக் கவனிக்க வேண்டும். எஸ்தர் என்ற பெயரைப் பாரசீகத்தின் நட்சத்திரச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஸ்டெல்லா லத்தீனில் நட்சத்திரம். ஆக, ஒரு எஸ்தருக்குக் கிடைத்தது மொழிபெயர்ப்பு. இன்னொரு எஸ்தருக்குத் துண்டு போட்ட ஒட்டு. இரண்டு எஸ்தர்களும் ஒரே பெயரில் நிற்கக்கூடாது என்ற ஒரு மனிதனின் நிர்வாக வசதியும் இதில் இருந்திருக்கலாம். (ஸ்விஃப்டுக்கு 'அவர்', இவளுக்கு 'அவள்' என்று நானும்தான் எழுதிக்கொண்டு போகிறேன். தமிழில் இந்த வியாதிக்கு இலக்கணமே துணை.)

1714ல் தாய் இறந்தாள். எஸ்தர் வன்ஹோம்ரி தங்கையோடு அயர்லாந்துக்கே திரும்பினாள். டப்ளினிலும் பக்கத்தில் செல்பிரிட்ஜிலும் வாசம். ஸ்டெல்லாவும் டப்ளினில்தான். ஸ்விஃப்ட் அபூர்வமாக வந்தார், ஜாக்கிரதையாக எழுதினார். ஒரு கடிதத்தில் யோசனை சொல்கிறார்: கடிதங்கள் கைதவறிப் போகலாம், ஆகவே சொல்ல விரும்பும் அன்பான வார்த்தைகளுக்குப் பதில் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். அவளும் கோடுகள் போட்டாள். காப்பி குடிப்பது பற்றி அவர்கள் எழுதிக்கொண்டதற்கு என்ன அர்த்தம் என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். எனக்கு அந்தக் கோடுகள் போதும்.

ஸ்டெல்லா ஸ்விஃப்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவள் அவர் சொன்னபடியே நமக்குத் தெரிகிறாள்: சாந்தம், விவேகம், நட்சத்திரம். வனெஸ்ஸாவோ தான் எழுதியவற்றுக்கு நகல் வைத்திருந்தாள். 1814ல் வால்டர் ஸ்காட் கொண்டுவந்த ஸ்விஃப்ட் பதிப்பில்தான் அவை பெருமளவில் வெளிவந்தன. அலங்காரமில்லாத, சிதறின, கோபமும் கெஞ்சலும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்ளும் உரைநடை. கவிதையின் வனெஸ்ஸா இப்படி ஒரு வரி எழுதியிருக்க மாட்டாள். ஆனால் இலக்கிய சரித்திரக்காரர்களுக்கு வேண்டியிருப்பது கதை. அவள் ஸ்டெல்லாவுக்குக் கடிதம் எழுதினாளாம், ஸ்விஃப்ட் குதிரையேறி வந்து அதை மேஜையில் வீசிவிட்டுப் பேசாமல் போனாராம். நிரூபணம் கிடையாது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

1726ல் கவிதை அச்சில் வந்து பரபரப்பானபோது, அது பெண்கள் மத்தியில் விளையாட்டாகச் செய்த வேலை என்ற பாணியில் ஸ்விஃப்ட் ஒரு நண்பருக்கு எழுதினார். அந்தப் பெண் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பெயர் தன் வழியில் போயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் அது புத்தகப் பெயராகவே இருந்தது. குழந்தைகளுக்கு வைத்தவர்கள் சொற்பம். லெஸ்லி ஸ்டீபன் ஸ்விஃப்டைப் பற்றி 1882ல் ஒரு புத்தகம் போட்டார். அவர் வீட்டில் மனைவியின் முதல் கல்யாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் ஸ்டெல்லா. 1879ல் பிறந்த தம் மகளுக்கு வனெஸ்ஸா என்று வைத்தார். யதேச்சை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் ஸ்டெல்லாவையும் வனெஸ்ஸாவையும் குடிவைத்துவிட்டார், ஸ்விஃப்டால் முடியாத காரியம். அந்த மகள்தான் ஓவியர் வனெஸ்ஸா பெல். தங்கை வர்ஜீனியா உல்ஃப். ஸ்விஃப்ட் ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி உல்ஃப் எழுதிய கட்டுரையில் வனெஸ்ஸா நிழல்போல வந்து போவதை, வீட்டுக் கதை தெரிந்து படிப்பது வேறு அனுபவம்.

1933ல் ஹ்யூ வால்போலின் நாவல். 1937ல் நடிகை வனெஸ்ஸா ரெட்கிரேவ் பிறக்கிறார். 1958ல் நியூயார்க் மெட்ரோபாலிடனில் சாமுவேல் பார்பரின் இசைநாடகம். அதில் வனெஸ்ஸா என்பவள் கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டு இருபது வருஷம் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள். பெயர் தன் பழைய விதியை ஞாபகம் வைத்திருப்பதுபோல. 1980களில் அமெரிக்காவில் பெண்குழந்தைகளுக்கு வைத்த முதல் நூறு பெயர்களில் இது உண்டு. அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் ஸ்விஃப்டைப் படித்திருக்கப் போகிறார்கள்? படிக்கவேண்டிய அவசியமும் இல்லை. காதுக்கு நன்றாயிருக்கிறது. நம் நீலகிரியிலும் கறுப்புச் சிறகில் ஆரஞ்சு பட்டை போட்ட பூச்சி ஒன்று பறக்கிறது. அறிவியல் பெயர் வனெஸ்ஸா இண்டிகா. டப்ளின் வியாபாரியின் குடும்பப் பெயரில் ஒரு அசை ஊட்டி வரை வந்திருக்கிறது.

வங்கியில் எனக்கு உயில் நகல்கள் படிக்கிற வேலை அவ்வப்போது வரும். இறந்தவர் கணக்கில் உள்ள பணத்துக்கு வாரிசு யார் என்று பார்ப்பதற்காக. யாருக்கு எழுதியிருக்கிறது என்பதைவிட யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதில்தான் முதலில் கண் போகும். எஸ்தர் வன்ஹோம்ரி 1723 ஜூனில் இறந்தாள், வயது முப்பத்தைந்து. அதற்குக் கொஞ்சம் முன்பு புது உயில் எழுதியிருந்தாள். சொத்தின் பெரும்பகுதி இருவருக்கு. ஒருவர் மார்ஷல் என்ற வக்கீல். மற்றவர் தத்துவவாதி பெர்க்லி. அவள் தமக்கு முற்றிலும் அந்நியம், ஒரு வார்த்தை பேசினதாகக்கூட ஞாபகமில்லை என்று பெர்க்லியே எழுதுகிறார். இன்னும் பல நண்பர்களுக்கு மோதிரம் வாங்கிக்கொள்ளச் சிறு தொகைகள். உயில் எஸ்தர் வன்ஹோம்ரி என்ற பெயரில் இருக்கிறது. ஸ்விஃப்டின் பெயர் அதில் எங்கும் இல்லை.