வன்னிக்குத் தனியே ஒரு பயணம்

புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "முதற்தடவையாகத் தனியே வன்னிக்குப் போக விரும்புகிறேன். எவ்வாறு திட்டமிடுவது?" பஸ் நேரமும் தங்குமிடமும் சொல்வதற்கு நான் தேவையில்லை. ஆனால், இந்த நிலப்பரப்பைத் தனியொருவர் கடப்பதற்கு எவற்றையெல்லாம் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை அறிந்துகொண்டு புறப்படுவது நல்லது.

1905 ஜனவரியில் லெனார்ட் வுல்ஃப் என்ற 24 வயது ஆங்கிலேய இளைஞர் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியேற்கப் புறப்பட்டார். பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃபின் கணவரானவர் இவரே. தெற்கிலிருந்து அநுராதபுரம் வரை ரயில் இருந்தது. யாழ்ப்பாணப் பக்கத்திலும் ரயில் ஓடியது. நடுவே வன்னிக் காட்டினூடான பாதை மட்டும் முடிந்திருக்கவில்லை. ஆகவே, தபால் மூட்டைகள் ஏற்றிய மாட்டுவண்டியில், அம்மூட்டைகளின் மேலேயே படுத்து அவர் பயணம் செய்தார். வோல்தேரின் நூற்தொகுதிகளையும் ஒரு நாயையும் அவர் உடன் கொண்டுவந்திருந்தார். அதே ஆண்டிலேயே ரயில் பாதை முழுமையடைந்தது. அக்காலத்தில் வன்னிப் பயணியின் அச்சங்கள் யானையும் காய்ச்சலும் தண்ணீரின்மையுமே. மனிதருக்கு மனிதர் போட்ட தடை எதுவும் வழியில் இருக்கவில்லை.

1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர் அந்த அச்சங்களும் அகன்றன. கொழும்பிலே காலையில் ஏறியவர், வன்னியை யன்னலுக்கு வெளியே ஓடும் காடாகவும் வயலாகவும் பார்த்தபடி வீடு போய்ச் சேர்ந்தார். தனியே பயணம் செய்வது ஒரு செய்தியாகவே இருக்கவில்லை.

1990இல் எல்லாம் மாறியது. ரயில் நின்றது, ஏ-9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வருவதற்குக் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டியதாயிற்று. அந்த நீரில் உயிரிழந்தவர்கள் பலர். பொருளாதாரத் தடை காரணமாக ரோர்ச் பற்றறியையும் கொண்டுசெல்ல முடியாது. எதை எடுத்துச் செல்வது என்பதைவிட, எதை எடுத்துச் செல்லக் கூடாது என்பதே பயண ஆயத்தமாயிற்று.

அதைவிடக் கொடியது அனுமதிச் சீட்டு. வன்னியை விட்டு வெளியேறுவதற்குப் புலிகளிடம் பாஸ் பெற வேண்டும். அதற்குப் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். அதைப் பெற்று வவுனியாவுக்கு வந்தால், அங்கே தங்குவதற்கு அரச படையினரிடம் இன்னொரு பாஸ் பெற வேண்டும். தனியே போகிறவரும் உண்மையில் தனியே போகவில்லை. அவருக்காக ஊரில் ஒருவர் பொறுப்பாளியாக இருந்தார்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 திறந்தது. மறு ஆண்டு நான் கொழும்பிலிருந்து தனியே கிளிநொச்சிக்குப் போனேன். தேசிய அடையாள அட்டை, பத்திரிகை அட்டை, பைக்குள் இருக்கும் பொருள்களின் பட்டியல் ஆகியவற்றை முதலில் எடுத்து வைத்தேன், உடுப்புகள் பிறகுதான். ஓமந்தையில் படையினரின் சோதனை. பிறகு, செஞ்சிலுவைச் சங்கக் கொடி பறந்த சூனியப் பிரதேசம். அதைக் கடந்ததும் புலிகளின் சோதனை. அங்கே மணிக்கூட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. அரசாங்கம் 1996இல் நேரத்தை முன்னே தள்ளியிருந்தது. புலிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஒரே வீதியில் அரைமணி நேர வித்தியாசம்! திரும்பி வரும்போது சோதனைச் சாவடி மூடிவிடாமலிருக்க இரண்டு நேரத்தையும் கணக்கிட்டேன்.

2006 ஆகஸ்டில் வீதி மறுபடியும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை. போருக்குப் பின்னரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தோர் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டியிருந்தது. அது 2011இல் நீக்கப்பட்டு, 2014 ஒக்டோபரில் திரும்பவும் கொண்டுவரப்பட்டு, 2015 ஜனவரியில் கைவிடப்பட்டது. ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது.

ஆகவே, இன்று புறப்படும் இளைஞருக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்குங்கள். வழிப்போக்கர் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படும் இடம் அது. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவுக்குப் போங்கள். 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் அங்கே தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் கல்லை நாட்டியவர்கள் வென்றவர்கள். அவனை நினைவில் வைத்திருப்பவர்கள் தோற்றவர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயில் முன்பாகப் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களைப் போன்றோரைச் சந்தித்தால் கமெராவை எடுக்க முன்னர் அமர்ந்து கேளுங்கள். ஒருவரையும் கேட்காமல் புறப்பட்டு, விரும்பிய இடத்தில் இறங்கி, விரும்பியபோது வீடு திரும்ப உங்களால் முடியும். அந்தத் தாய்மார் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது, தங்கள் பிள்ளைகள் எங்கே என்பதைத்தான்.